வானொலியில் வராத வசனம்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன செய்திக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் உன்னை ஜெருசலேமுக்குச் செய்தியாளனாக அனுப்புகிறார்கள் என்றாய். அப்பா, "ஓம், நல்ல விசயம்" என்று சொல்லித் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அந்தச் சைக்கிளுக்கு முதல்நாள்தான் காற்றடித்திருந்தார். நானோ, "அங்கை இப்ப வெக்கையோ, குளிரோ?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். தொலைபேசியில் எனக்கு எப்போதும் வானிலையும் சாப்பாடும்தான் வரும். மனதில் இருப்பது பேனையைப் பிடித்தால்தான் வரும். நீ தமிழை மெதுவாக வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாதி நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நீ. மெதுவாகவே வாசி. விளங்காத சொல்லை அப்பாவிடம் கேள். என்னிடம் கேட்டால் நான் இன்னும் நீட்டிவிடுவேன்.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி வருடா வருடம் கேட்கிறார்கள். நீ சம்மதித்தால் இந்தமுறை இதையே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் இதில் வரும் இரண்டு பெண்களின் பெயர்களையும் மாற்றி எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டேன். ஒருத்தி, "என்ர பேரைத்தான் போடேல்லையே, பிறகென்ன" என்றாள். மற்றவர், "நான் சொன்னதுகளை அழகாக்காமல் எழுது" என்றார். இரண்டு பேரும் டேனிஷில்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பேசுவதை எங்கள் தமிழில்தான் எனக்கு எழுத வரும். என் காதில் அப்படித்தான் கேட்கிறது.

சமீராவை உனக்குத் தெரியும். நானும் அவளும் முதியோரை வீட்டில் போய்ப் பராமரிக்கும் இந்த வேலைக்கு ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்கள் இருவரின் டேனிஷும் ஒரே அளவு மோசமாக இருந்ததால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது. அவள் காசாவிலுள்ள கான் யூனிஸில் பிறந்தவள், கல்யாணம் செய்து எங்கள் ஊர் பிரெடெரிசியாவுக்கு வந்தவள். உன்னுடைய முதல்நன்மைக்குப் பெரிய தட்டு நிறைய இனிப்புக் கொண்டுவந்து, பூசை முடியும்வரை மாதா கோயிலின் பின்வாங்கில் அமைதியாக இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், நபீல். காசாவிலேயே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். அவரைப்பற்றி அவள் சொல்லாத நாள் இல்லை.

மற்றவர் எல்லன். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, பழைய கோட்டை மதிலுக்குப் பக்கத்திலுள்ள மாடிவீட்டில் தனியாக இருக்கிறார். எல்லன் யூதர். யூதரைப் பிடித்துக் கொன்ற போர்க்காலத்தில், கைக்குழந்தையாக இருந்த அவரை மீன்பிடி வள்ளத்தில் ஒளித்துச் சுவீடனுக்குக் கொண்டுபோனார்களாம். நான் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போன கதையைச் சொன்னபோது, "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் வள்ளத்தால பிழைச்ச ஆக்கள்" என்றார். அவருடைய ஒரே மகள் படிக்கவென்று இஸ்ரேலுக்குப் போய், கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டார். அந்த மகளின் மகன் ஈதான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவனுடைய படம் இருந்தது, தலைமயிர் நெற்றியை மறைத்தபடி.

எல்லனுக்குக் கால் வீங்கும். விடிந்ததும் இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். அது கையின் பலத்தில் மட்டும் நடக்கிற வேலை இல்லை. தோல் சுருங்காமல், நோகாமல் ஏற்ற வேண்டும். சமீரா போட்டால்தான் அவருக்குப் பிடிக்கும். வருடக்கணக்காக அவள்தான் காலையில் போய்வந்தாள். இஸ்ரேல் இருக்கிற அந்த நிலத்தைப்பற்றி இருவரும் வாக்குவாதப்படுவார்கள். "எங்கட அப்பப்பாவின்ர வீடு இருந்த இடம் அது" என்பாள் சமீரா. "எங்களுக்கும் போக வேற இடம் இருக்கேல்லை" என்பார் எல்லன். பிறகு, "இந்தக் கால் கொஞ்சம் இறுக்கம்" என்பார். இவள் தளர்த்திவிடுவாள். கோப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். சண்டையென்று சொல்ல முடியாது, சிநேகிதமென்று சொன்னால் இருவரும் மறுத்திருப்பார்கள்.

காசாவிலிருந்து ஆயுதக்காரர் எல்லை கடந்து வந்து இஸ்ரேலில் ஆட்களைக் கொன்ற அந்த அக்டோபர்ச் சனிக்கிழமை உனக்குத் தெரியும். ஈதான் எல்லைக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் சிநேகிதன் வீட்டில் நின்றிருந்தான். திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலக நடையில் சமீரா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இண்டைக்கு எல்லனிட்ட நீ போறியா?"

"ஏன், உனக்குச் சுகமில்லையோ?"

"அங்கை போய் நான் என்ன சொல்லுறது? நீ போ."

நான் போனேன். எல்லன் தொலைக்காட்சியையும் வானொலியையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு நடுவில் இருந்தார். "சமீரா வரேல்லையோ?" என்று கேட்டார். "அவவுக்குச் சுகமில்லை" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "சுகமில்லையோ, வர விருப்பமில்லையோ?" என்றார். நான் குனிந்து காலுறையை எடுத்தேன். அந்த வாரக் கடைசியில் ஈதான் உயிரோடு இல்லை என்று செய்தி வந்தது. அன்றைக்கு நான் காலுறை போடவில்லை. கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் காசாவில் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. சமீரா சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசியைக் கீழே வைப்பதில்லை. அவள் டேனிஷ் செய்தியை இலக்கண வகுப்புப் பிள்ளைபோலக் கேட்பாள். "கவனிச்சியா? செய்தியில இஸ்ரேல்காரர் 'கொல்லப்படுகினம்'. நாங்கள் 'சாகிறம்'. காய்ச்சல் வருத்தம் வந்து செத்த மாதிரி" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்தச் சொற்கள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. அதே வாரம் எல்லன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அந்தச் சனிக்கிழமையைச் சொன்ன உடனை எல்லாரும் ஒரு 'ஆனால்' போடுகினம். ஈதான்ர சாவுக்குப் பின்னால ஏன் 'ஆனால்' வரவேணும்?" என்று கேட்டார். செய்தி முழுக்க மற்றப் பக்கம்தான் நிற்கிறது என்று இருவருமே என்னிடம் சொன்னார்கள். இருவருக்கும் நான் "ஓம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவரவர் இருந்த இடத்திலிருந்து கேட்டால் அப்படித்தான் கேட்டது.

குளிர்காலம் தொடங்கும்போது நபீல் குடும்பம் இருந்த மாடிக்கட்டடத்தின்மேல் குண்டு விழுந்தது. நபீலும் மனைவியும் காயத்தோடு தப்பினார்கள். மகள் லீனா தப்பவில்லை. பல்வைத்தியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. யாரும் அழைத்துச் சொல்வதற்கு முன்னமே, தொலைபேசியில் வந்த ஒரு படத்தில் அந்தக் கட்டடத்தின் வாசற்கதவை வைத்துச் சமீரா அடையாளம் கண்டுவிட்டாள். கதவு மட்டும் நின்றது.

அப்போதுதான் நீ கொப்பன்ஹேகனிலிருந்து அழைத்தாய். "அம்மா, உங்களோட வேலைசெய்யிற சமீரா அன்ரியோட நான் கதைக்கலாமோ? எங்கட றேடியோச் செய்திக்கு" என்றாய். நான் யோசித்தேன். செத்தவீட்டில் ஒலிவாங்கியை நீட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சமீராவிடம் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "வேற ஆரும் கேட்டிருந்தா மாட்டன் எண்டிருப்பன். உன்ர மகன்தானே, வரச்சொல்லு."

நீ ரயிலில் வந்தாய். அவளுடைய குசினியில் மூன்று பேரும் இருந்தோம். அவள் சமைத்திருந்தாள். அந்த நிலையிலும் விருந்தாளிக்குச் சமைக்காமல் அவளால் இருக்க முடியாது. பின்னேரம் முழுவதும் பேசினாள். நீ குறுக்கிடாமல் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நபீலைப்பற்றிச் சொன்னாள், லீனாவைப்பற்றிச் சொன்னாள். இவளுடைய கல்யாணத்தில் நபீல் ஒலிவாங்கியைப் பறித்துப் பாடத் தொடங்கி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட எழும்பிப் போனபிறகும் நிறுத்தாமல் பாடியதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நான் காலுறை போட்டுவிடுற ஒரு வயசான அம்மா இருக்கிறா. அவவின்ர பேரனைக் கொன்றுபோட்டாங்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு முதல் நினைவு வந்தது அவதான். இப்ப அவவின்ர வீட்டு மணியை அடிக்க எனக்குத் தைரியமில்லை. என்ர முகத்தில அவ ஆரைப் பாப்பாவோ தெரியாது. தம்பி, இதைக் கட்டாயம் போடு. அவ காலமை றேடியோ கேக்கிறவ."

நீ தலையாட்டினாய். "முயற்சி செய்யிறன்" என்றாய்.

அது ஒலிபரப்பான காலையில் நான் எல்லனின் வீட்டில் நின்றேன். வலது காலுறை பாதியில் இருந்தது. குசினியில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, பிறகு செய்தி வந்தது. முதலில் ஓர் அழுகை. அதற்குப் பிறகு, "முழு உலகமும் பாத்துக்கொண்டிருக்குது" என்று அவள் சொன்ன ஒரு வசனம். அதற்குப் பின்னால் ஓர் இஸ்ரேல் இராணுவப் பேச்சாளரின் குரல். கடைசியில் உன்னுடைய பெயர். உடனேயே சின்ன பெல்ட் பாலத்தில் வாகன நெரிசல் என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். எல்லனைப்பற்றிச் சமீரா சொன்ன அந்த ஒரு வசனத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவே இல்லை.

"அது சமீரா" என்றார் எல்லன்.

"ஓம்."

"கதைச்சது உன்ர மகனோ?"

"ஓம்."

"எவ்வளவு பெரிய துக்கம்" என்றார். பிறகு, "ஆனா இத்தனை வருசம் என்ர காலைத் தொட்டவ, ஈதானைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றார்.

"சொன்னவ எல்லன்! நான் அங்கைதான் இருந்தனான். உங்களைப்பற்றிச் சொன்னவ. வெட்டிப்போட்டினம்."

எல்லன் என் தோளைத் தட்டினார். "நீ நல்ல மனசால சொல்லுறாய்" என்றார். அவர் என்னை நம்பவில்லை. காதால் கேட்டது வானொலியில் வந்தது. நான் சொன்னது ஆறுதல் வார்த்தை. அவ்வளவுதான்.

சமீரா அன்றைக்கு என்னோடு சாப்பிட வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மறித்துக் கேட்டேன். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் களைத்த குரலில், "நான் என்ர அண்ணனை ஒரு மனுசனாய்க் காட்டினன். அவையள் என்ர அழுகையை மட்டும் எடுத்தினம். அழுகை எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே கேக்கும், அதுக்கு நான் என்னத்துக்கு?" என்றாள். கார்க் கதவைச் சாத்துமுன், "உன்ர மகன் நல்ல பிள்ளை. ரெண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டவன்" என்றாள். அந்தக் கடைசி வசனம்தான் எனக்குக் குத்தியது.

அன்று மாலை உன்னை அழைத்து நான் எப்படிப் பேசினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. நீ பொறுமையாகத்தான் தொடங்கினாய். "அம்மா, அந்த வசனத்தைப் போட்டா கேக்கிறவைக்குக் குழம்பும். ஆர் அந்தக் கிழவி, ஏன் இதுக்குள்ள வாறா எண்டு விளங்கப்படுத்தவே நேரம் முடிஞ்சிடும். எனக்குத் தந்த நேரம் அவ்வளவுதான்."

"அழுகைக்கு மட்டும் நேரம் இருந்ததோ?"

"உங்களுக்கு எங்கட வேலை விளங்காது."

"அவள் உன்னை நம்பினது என்னாலை. இனிமேல் என்ர ஆக்களைத் தேடி என்னட்ட வராதை."

தொலைபேசியை வைத்தது நான்தான். வைத்தவுடன் திரும்ப எடுக்கவேண்டும்போல இருந்தது. எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைவரை நாங்கள் பேசவில்லை. அப்பா மட்டும் உன்னோடு ஒளித்து ஒளித்துப் பேசுவார். எனக்குத் தெரியாது என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நத்தாருக்கு நீ வந்தபோது மெலிந்திருந்தாய். மரக்கறிக் கறியை மட்டும் போட்டுக்கொண்டாய். ஏனென்று நான் கேட்க, முதலில் ஒன்றுமில்லை என்றாய். பாத்திரம் கழுவும்போது டேனிஷில், என் முகத்தைப் பாராமல் சொன்னாய்: உங்கள் வானொலியின் இணையப் பக்கத்துக்கு வரும் படங்களை ஒவ்வொரு காலையும் நீதான் பார்க்கிறாய், எதை மக்களுக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பிரிக்கிறாய். காட்டாதவைதான் கூட. அந்தச் சனிக்கிழமையின் படங்களும் அதற்குப் பிறகு காசாவிலிருந்து வந்தவையும் எல்லாம் உன் கண்ணுக்குள்தான் கிடக்கின்றன. எங்களைப் பாதுகாக்க ஒரு பிள்ளையை உட்காரவைத்து அவ்வளவையும் பார்க்கவைக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. செய்தியைக் குறைசொல்லும்போது, அதற்குப் பின்னால் கையில் பாத்திரம் துடைக்கும் துவாயுடன் நிற்கும் என் மகன் இருக்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. உன் முதுகைத் தடவிவிட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் நீ என்ன செய்தாய் என்பதை எனக்கு நீ சொல்லவில்லை, சமீராதான் பிறகு சொன்னாள். நீ தனியாக அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, "நான் உங்கட வசனத்தை வெட்டினது பிழை. செய்தி ஆசிரியர் சொன்னவர்தான், ஆனா நான் ஒருக்காவும் எதிர்த்துக் கேக்கேல்லை" என்றாயாம். அவள் உள்ளே வரச்சொல்லவில்லையாம். நீ, "முழுப் பதிவும் என்னட்ட இருக்கு. நீங்கள் ஓம் எண்டா அதை எல்லனுக்குப் போட்டுக் காட்டுறன். மாட்டன் எண்டா இப்பவே அழிச்சுவிடுறன்" என்றாயாம். அவள் கதவைப் பிடித்தபடியே, "முழுக்கப் போடு. நடுவில நிப்பாட்டாதை" என்றாளாம்.

அதனால்தான் நான் எல்லனின் வீட்டில் நின்ற காலையில் நீ மடிக்கணினியோடு வந்து மணியடித்தாய். எல்லன் உன்னை மேலும் கீழும் பார்த்து, "அந்த வானொலிக்காரன்" என்றார். குசினி மேசையில் வைத்துப் போட்டாய். சமீராவின் கேத்தல் கொதிக்கும் சத்தம், கோப்பைகளின் சத்தம், அவளுடைய குரல். எல்லன் கைகளைக் கட்டிக்கொண்டு இறுகிப்போய் இருந்தார். நபீல் கல்யாணவீட்டில் பாட்டை நிறுத்தாத இடத்தில் அவரையறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர்போல வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு அந்த வசனம் வந்தது.

"திருப்பிப் போடு" என்றார்.

போட்டாய்.

"இன்னொருக்கா."

பதிவு முடிந்த பிறகு அவர் என்ன சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் ஈதானைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்து, "லீனா எந்த வருசம் படிச்சவ? முடிக்கிற நிலையோ?" என்று கேட்டார். ஆசிரியை கேட்கிற கேள்வி. "நான் கேக்கேல்லை" என்றாய். "கேட்டிருக்க வேணும்" என்றார் எல்லன். பிறகு என்னிடம் திரும்பி, "சமீராவை வரச்சொல்லு. வேலைக்கு இல்லை. சும்மா" என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் சங்க மலருக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. சமீரா ஒரு சனிக்கிழமை வேலை உடுப்பில்லாமல், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். என்னையும் இருக்கச் சொன்னார்கள். எல்லன் கேக் வாங்கி வைத்திருந்தார். இருவரும் கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், இறந்த பிள்ளைகள் இருவரையும் பெயர் சொல்லிப் பேசினார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது எல்லன், ஈதானின் சகோதரியான தன் பேத்தியையும் இராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், மகள் நித்திரையில்லாமல் இருக்கிறாள் என்றார். சமீராவின் கோப்பை பாதியில் நின்றது.

"அவ எங்கை நிக்கிறா?"

"தெரியாது. அவையள் சொல்ல மாட்டினம்."

சமீரா கோப்பையை மெதுவாக வைத்தாள். எழுந்து மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. எல்லன் மேசையைப் பார்த்தபடி, "நான் அதை மறைச்சிருக்க வேணுமோ?" என்று கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, வேலை பிரித்துக்கொடுப்பவரிடம் சமீரா தானே போய் எல்லனின் காலை நேரத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஏனென்று கேட்டேன். "நீ காலுறையை நோகப் போடுறாயாம், முறைப்பாடு வந்திருக்குது" என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். பிறகு, "அவ என்னட்ட மறைக்கேல்லை. மறைச்சிருந்தா நான் திரும்பிப் போயிருக்க மாட்டன்" என்றாள்.

இப்போது அவள் போய்வருகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசாத காலைகள் இருக்கின்றன. எல்லன் நம்புகிற சில விடயங்களைச் சமீரா ஒருநாளும் ஏற்கமாட்டாள். சமீரா சொல்கிற சில வார்த்தைகளைக் கேட்டால் எல்லனுக்கு நெஞ்சு அடைக்கும். ஆனாலும் கால் ஒவ்வொரு நாளும் வீங்குகிறது, அவள் ஒவ்வொரு நாளும் போகிறாள். காசாவில் இப்போது இருக்கும் கூடாரத்திலிருந்து நபீலின் குரல் தொலைபேசியில் வந்தால், எல்லன் தன் காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை இருக்கிறாராம்.

நீ போகிற செய்தியை இரண்டு பேருக்கும் சொன்னேன். சமீரா, "காசாவுக்குள்ள போவானோ?" என்று கேட்டாள். வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தங்கள் விருப்பத்துக்கு உள்ளே போக விடுவதில்லை என்று நீ சொன்னதைச் சொன்னேன். "அப்ப அங்கை போய் என்னத்தைப் பாக்கப் போறான்?" என்றாள். அடுத்த நாள் அவளே நபீலின் தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்பினாள். "தொடர்பு கிடைக்கிற நேரம் எடுப்பார். ஆரம்பத்திலேயே குண்டைப்பற்றிக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லு. கூடாரத்தில பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறார், அதைக் கேக்கச் சொல்லு." எல்லன் தன் மகளின் முகவரியைத் தந்தார். "வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் போகச் சொல்லு. அவளுக்கு இப்ப ஆக்களோட கதைக்கப் பிடிக்கிறதில்லை. பேப்பர்காரரைக் கண்டாலே கோபம். எண்டாலும் போகச் சொல்லு." இரண்டையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். ஒன்றுக்குப் போய்விட்டு மற்றதுக்குப் போகாமல் இருந்துவிடாதே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உன் வேலை தெரியாது. எனக்கு விளங்காது என்று நீ அன்றைக்குச் சொன்னது ஒருவகையில் சரிதான். ஆனால் செய்தியைக் காத்திருந்து கேட்கிறவளின் வேலை எனக்குத் தெரியும். வன்னியில் போரின் கடைசி மாதங்கள். உன் அன்ரன் மாமா, என்னுடைய தம்பி, அங்கே இருந்தான். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. நாங்கள் அப்போது இந்த நாட்டின் எஸ்பியர்க் நகரில் இருந்தோம். எந்த நேரமும் வானொலியைப் போட்டபடிதான் நான் குசினியில் நிற்பேன். பெரும்பாலும் எங்களைப்பற்றி எதுவும் வராது. வந்தால் ஒரு வரி வரும், "இலங்கையின் வடக்கில் மோதல்" என்று. வடக்கென்றால் எது? என் தம்பி நிற்கும் இடமா, இல்லையா? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் வரைபடத்தில் விரலால் தேடுவேன்.

ஒருநாள் செய்தி வாசித்த பெண் புதுக்குடியிருப்பு என்று சொல்ல வெளிக்கிட்டார். டேனிஷ் வாய்க்கு அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பார். நடுவில் தடுக்கிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். அவர் நிறுத்தினார். மூச்செடுக்கும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரை முதலிலிருந்து, எழுத்தெழுத்தாக, கடைசிவரை சொல்லி முடித்தார். நான் ஈரக்கையோடு நின்று அழுதேன். அன்ரன் அங்கேதான் இருந்தான். அவனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தச் செய்தியால் அவனைக் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒருத்தி அவன் நின்ற ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தாளே, அந்த ஒரு நாள் நான் தனியாக இருக்கவில்லை.

நீ சொல்லப்போகும் ஊர்களின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் இரண்டு பக்கத்திலும் யாரோ ஒருவருக்கு அப்படித்தான் இருக்கும். அவர்கள் ஒடென்சவிலோ ஓகூஸிலோ ஒரு குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். உனக்குத் தரும் நேரம் சின்னதாகத்தான் இருக்கும், அது உன் கையில் இல்லை. அதற்குள் ஒரு பெயரையாவது முழுதாகச் சொல். தடுக்கினால் வெட்கப்படாதே, அப்பு. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடி சொல்.

அம்மா